ஒற்றை வாசல் வண்டி

"நாலு பக்கமும் வாசல் வச்சா அது வண்டியா இருக்காதுக்கா, சப்பரமாத்தான் இருக்கும். உள்ள ஒரு சாமியத் தூக்கி வச்சு ஊரச் சுத்தி வாங்க" என்றான் விருதுநகர்ப் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவன். பக்கத்தில் நின்ற என் நாத்தனார் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சிரிக்கிறதுக்கு இதில் என்ன இருக்கிறது என்று அவளை முறைத்தேன்.

நாங்கள் வாங்கியிருந்தது ஒரு பழைய குட்டியானை வண்டி. பின்னால் தகரத்தில் அறை கட்டி, ஒரு பக்கம் ஜன்னல் திறந்து, கல்யாணம், கோயில் பொங்கல், விளையாட்டுப் போட்டி என்று கூட்டம் கூடுகிற இடத்துக்கெல்லாம் ஓட்டிப்போய் எண்ணெய்ப் புரோட்டா போட்டு விற்பதாகத் திட்டம். உள்ளே அடுப்பு, கல், மாவுப் பலகை, சால்னாச் சட்டி, சிலிண்டர் எல்லாம் வைத்ததுபோக இரண்டு பேர் நிற்கலாம். ஏறி இறங்கப் பின்பக்கம் ஒரே ஒரு கதவு. வெல்டிங்காரன் சாக்கட்டியால் வரைந்து காட்டியபோதே எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

நான் பதினேழு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவள். அங்கே எங்கள் அறை ரொம்பச் சின்னது, நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஆனால் வாசல் மட்டும் நாலு பக்கமும் இருக்கும். கதவெல்லாம் வெளிப்பக்கம்தான் திறக்கும், தாழ்ப்பாள் கிடையாது, வாசலில் ஒரு செருப்புக் கிடந்தால்கூட போர்மேன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். சேர்ந்த முதல் நாள் அவர் எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சத்தம் கேட்டா என்னன்னு திரும்பிப் பாக்காத. எதையும் எடுக்காத. யாரையும் கூப்புட்டுட்டு நிக்காத. ஓடு." அதைத் தவிர எனக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை, மருந்து அடைப்பதைக்கூட நானாகத்தான் பார்த்துப் படித்துக்கொண்டேன்.

"சரி, நாலு வேண்டாம், ரெண்டாவது வையி" என்றேன் வெல்டிங்காரனிடம்.

"ரெண்டு வச்சா அடுப்ப எங்கன வைப்பீக? உங்க தலையிலயா?"

கடைசியில் ஒரே வாசல்தான். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக நின்று ஜெயித்தேன். தாழ்ப்பாள் இல்லாத வண்டியை வாழ்க்கையில் இப்போதுதான் செய்வதாக அவன் கடைசி வரை முணுமுணுத்தான்.

இத்தனை பயத்தை வைத்துக்கொண்டு ஏன் வண்டி வாங்கினாய் என்று கேட்டால், என் மகளுக்காக. அவள் ஒன்பதாவது படிக்கிறாள். எங்கள் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் ஓர் அறை வெடித்த அன்று பள்ளிக்கூடம் வரை சத்தம் கேட்டிருக்கிறது. எந்தக் கம்பெனி என்று தெரியாமல் அங்கே பாதிப் பிள்ளைகள் அழுதிருக்கின்றன. நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் என் கை, கால், முகமெல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டி, "இனிமே அங்கன போக மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாள். அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதே வாரம் அதிகாரிகள் வந்து எங்கள் கம்பெனியையும் மூடிவிட்டார்கள், மறுபடி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. இதுதான் நேரம், திரும்பிப் போகவே கூடாது என்று முடிவெடுத்தேன்.

அச்சகத்தில் கட்டிங் மிஷினில் நிற்கும் என் வீட்டுக்காரர், "ஒனக்கு எது தோதோ அதப் பாரு" என்று மட்டும் சொன்னார். துணைக்கு அவர் தங்கை வந்தாள். என் நாத்தனார் விருதுநகரில் ஒரு புரோட்டாக் கடையில் மாவு பிசையப் போய், மாஸ்டர் லீவு போடுகிற நாளில் கல்லிலும் நின்று பழகியவள். அவள் மாவை வீசினால் தாவணி காற்றில் விரிவது மாதிரி விரியும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

முதல் நாள் வியாபாரத்தைப் பற்றிச் சொன்னால் வெட்கக்கேடு. தெருவில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார்கள். "எங்க சர்ச்சுல ஞாயித்துக்கெளம பண்டிகை, அம்புட்டு சனம் வரும்" என்றார்கள். விடியற்காலையிலேயே மாவு பிசைந்து, சால்னா கொதிக்கவைத்து, ஆலய வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினோம். சனம் வந்தது, சொன்னதற்கு மேலேயே வந்தது. ஆனால் எங்களைத் தாண்டித் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு அசனம். பெரிய பெரிய வட்டாவில் சோறு வடித்து வருகிற அத்தனை பேருக்கும் இலவசமாகப் போடுகிற நாள். அந்த இடத்தில் போய்ப் புரோட்டா விற்க நின்றிருக்கிறோம்!

மத்தியானம் நர்ஸ் அக்காவே ஒரு வாளிச் சோறும் ஒரு தூக்குச் சாம்பாரும் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார்கள். "நான் அசனம்னு சொல்லலையா? ஐயோ, மறந்துட்டேன் போல. சாப்புடுங்க" என்றார்கள். நாத்தனார் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். "மதினி, விக்க வந்தவுகளுக்கே சோறு போட்டு அனுப்புற ஊரு இது ஒண்ணுதான்" என்றாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை, அதனால்தான் என்னால் சிரிக்க முடிந்தது.

அடுப்புப் பற்றிய நாட்கள் வேறு மாதிரி. வண்டிக்குள் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிடுவேன். உடம்பில் கரண்ட் தங்கக் கூடாது என்று தண்ணீர் வாளியைத் தொட்டுவிட்டுத்தான் ஏறுவேன். இடுப்பில் போன் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன், இருந்தால் கீழே வைத்துவிடுவேன். இதெல்லாம் கம்பெனிக் கேட்டில் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. ஏறிய பிறகும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில்.

"மதினி, புரோட்டா போட வந்தீகளா, பஸ் படியில தொங்க வந்தீகளா?"

"பேசாம மாவ வீசு."

"நான் வீசுவேன். திருப்பிப் போடுறது யாரு? சால்னா ஊத்துறது யாரு? எனக்கென்ன நாலு கையா இருக்கு?"

அவள் சொன்னது நியாயம். அடுப்பில் நீலமாக எரிகிற நெருப்பைப் பார்த்தால் எனக்குப் பயம், கால் தானாகப் படியைத் தேடும். வீட்டு அடுப்பில் இந்தப் பயம் இல்லை, அங்கே முன்வாசல், புறவாசல் எல்லாம் இருக்கிறது. இந்தத் தகரப் பெட்டிக்குள் அடுப்புக்கும் எனக்கும் மூன்றடி, வாசல் ஒன்றே ஒன்று, பக்கத்திலேயே சிலிண்டர். ஜன்னலுக்கு வெளியே, "அக்கா, நாலு புரோட்டா, சால்னா தூக்கலா" என்று கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கும், எனக்கோ கதவு திறந்திருக்கிறதா என்பதிலேயே கண் இருக்கும். திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்தது. பல நாள் நான் கீழே இறங்கி வெளியே நின்று தட்டு மட்டும் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே அவள் ஒருத்தி வியர்வையில் குளித்துக்கொண்டு இரண்டு ஆள் வேலை பார்த்தாள்.

அப்படியே ஏழெட்டுக் கல்யாணம், இரண்டு கோயில் பொங்கல் ஓடியது. எங்கள் புரோட்டாவுக்கு நல்ல பேர். விசேஷ வீட்டுக்காரர்களே போனில் கூப்பிட்டுச் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது. மகள் நோட்டில் எந்த ஊர், என்ன விசேஷம், எத்தனை மணி என்று எழுதிவைப்பாள். அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்னைத் தடவிப் பார்ப்பதில்லை, பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "தின்ன என்னம்மா இருக்கு?" என்றுதான் கேட்டாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இதற்காகவாவது அந்த வண்டிக்குள் நின்று பழகிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கபடிப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே போய்விட்டோம். மைதானம் நிறையக் கூட்டம், முக்கால்வாசிப் பேர் என்னை மாதிரிப் பட்டாசுக் கம்பெனி ஆட்கள்தான். நகக்கண்ணில் மின்னுகிற வெள்ளிப் பவுடரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். விழாக் குழுவில் ஒருவர் வந்து, "வண்டி மறைக்குது, நல்லாப் பின்னால எடுங்க, இன்னும், இன்னும்" என்று சொல்லிச் சொல்லிப் பள்ளிக்கூடச் சுவரோடு சுவராக ஒட்ட வைத்துவிட்டார். இறங்கிப் பார்த்தேன். வண்டியின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்து வைத்த கதவு பாதிதான் திறந்தது.

"இங்கன வேண்டாம்டி, வேற எடம் பாப்போம்."

"மதினி, அம்புட்டு சனம் நிக்கி. இப்பப் போயி வண்டிய எடுக்கச் சொல்றீகளே! ஒருநாள், ஒரே ஒரு நாளு, எனக்குத் தொணையா உள்ள நில்லுங்களேன்."

அவள் கெஞ்சியது எனக்குச் சுருக்கென்றது. சரி என்று ஒருக்களித்து நுழைந்து உள்ளே போய் நின்றேன். இரண்டு காலும் உள்ளே. ஒருமணி நேரம் நின்றேன், சால்னா ஊற்றினேன், இலை போட்டேன், புரோட்டாவைப் பிய்த்துக் கொடுத்தேன். ஜாக்கெட் முதுகு நனைந்து ஒட்டியது. அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "எங்க மதினி தேறிட்டாக" என்றாள். நானும் தேறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கூட்டம் கூடக்கூட அவள் கல்லில் எண்ணெயை அள்ளி ஊற்றினாள். ஒரே நேரத்தில் எட்டுப் புரோட்டாவைப் போட்டதும் எண்ணெய் விளிம்பு தாண்டி வழிந்து அடுப்பில் இறங்கியது. பக்கென்று பற்றிக்கொண்டது. தீ கல்லைச் சுற்றி எழுந்து கூரைத் தகரத்தைத் தொட்டது.

அவள் அடுப்புக்கு அந்தப் பக்கம். நான் வாசல் பக்கம், சிலிண்டரை ஒட்டி. கையை நீட்டினால் ரெகுலேட்டர். ஒரு திருகு திருகியிருந்தால் முடிந்தது. நான் நீட்டவில்லை. அந்தப் பாதிக் கதவு வழியாக எப்படி வெளியே வந்தேன் என்றே தெரியாது, முழங்கையில் தோல் உரிந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது. சுவரை உரசிக்கொண்டு வெளியே வந்ததும் தொண்டை கிழியக் கத்தினேன். "ஓடுங்க! ஓடுங்க!"

எங்கள் பக்கத்தில் யாரும் என்ன என்று கேட்டுவிட்டு ஓடுவதில்லை, ஓடிவிட்டுத்தான் கேட்பார்கள். பாடிக்கொண்டு போன ஆட்டக்காரன் பாட்டை விட்டான், அவனைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவனை விட்டார்கள், நடுவர் ஊதலை விட்டார். பக்கத்தில் இருந்த பிள்ளையை, யார் பிள்ளை என்று பார்க்காமல், தூக்கிக்கொண்டு ஓடினார்கள் பெண்கள். மொத்த மைதானமும் கண்மாய்க் கரை ஏறி அந்தப் பக்கம் இறங்கிக் குப்புறப் படுத்தது. நானும் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை. யாரோ ஒருவர் தலையைத் தூக்கி, "எந்த ரூமுல?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நாத்தனார் ஞாபகம் வந்தது. அதுவரை அவள் ஞாபகமே இல்லை. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

கரை ஏறிப் பார்த்தேன். யாருமே இல்லாத மைதானத்தில், கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளுக்கு நடுவே, கையில் ஈரச் சாக்கோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். தீயைத் தாண்டி வந்து ரெகுலேட்டரை மூடி, சாக்கை நனைத்துப் போட்டு அணைத்திருக்கிறாள். வலது கையில் முழங்கை வரை முடி பொசுங்கிப்போயிருந்தது. வேறொன்றும் ஆகவில்லை. கரையில் இருந்தவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். "புரோட்டாவுக்கா ஓடுனோம்? ஏலே, நல்ல கூத்து!" என்று ஒருவர் சொல்ல, அது அப்படியே பரவிப் பெரிய சிரிப்பாகியது. ஆட்டம் மறுபடி தொடங்கியது.

நான் அவள் பொசுங்கிய கையைப் பிடிக்கப் போனேன். அவள் மெதுவாக விலக்கிக்கொண்டாள்.

"நீங்க ஓடுனது தப்புன்னு சொல்லல மதினி. ஊருச் சனத்த அம்புட்டுப் பேரையும் ஓடச் சொன்னீக. என்னைய ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்ல?"

கூப்பிட்டுக்கொண்டு நிற்காதே என்று பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சொன்னதை இவளிடம் எப்படிச் சொல்வது? கவிழ்ந்த நாற்காலிகளை நிமிர்த்தப் போனேன்.

யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். மறுநாள் அது ஊர் முழுக்கச் சுற்றியது. கபடி ஆட்டத்தைப் படம் எடுத்தவர், கூட்டம் ஓடுவதைக் கொஞ்சநேரம் எடுத்துவிட்டுத் தானும் ஓடியிருக்கிறார். எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவள் நான்தான். மகள் அதைப் பார்த்து முதலில் சிரித்தாள். இரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்தவள், "அத்த எங்கம்மா இதுல?" என்று கேட்டாள். "உள்ள இருந்தா" என்றேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

அப்புறமும் நான் முயற்சி செய்யாமல் இல்லை. வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும். அடுப்பில்லை, சிலிண்டரைக்கூட இறக்கி வைத்தாகிவிட்டது. வெறும் தகரப் பெட்டி. அதற்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன். கூப்பிட்டால் எட்டுகிற தூரத்தில் வீடு, தெரு, குழாயடிச் சத்தம் எல்லாம் இருக்கிறது. காது அடைக்கும், இருபது எண்ணுவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு குதித்துவிடுவேன். ஒருநாள் வெளியே மகள் நின்று எண்ணினாள். "முப்பதும்மா, இன்னைக்கு முப்பது!" என்று உற்சாகமாகக் கத்தினாள். அடுத்த நாள் பன்னிரண்டிலேயே வந்துவிட்டேன். அதோடு அவள் எண்ணுவதை விட்டாள். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. வெறும் தகரம்தானே, பேயா பிசாசா?

நாத்தனார் காத்துப் பார்த்தாள். பிறகு தன்னோடு புரோட்டாக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். என்னிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தாள், கேட்டபோது அவள் கண்தான் கலங்கியது. "நீங்க மாவு மட்டும் வீட்டுலருந்து பெசஞ்சு குடுங்க மதினி" என்றாள். கொஞ்சநாள் கொடுத்தேன். இரண்டு பேர் நிற்கிற வண்டிக்கு மூன்றாவது ஆள் எதற்கு? அந்தப் பெண்ணே மாவும் பிசைவாள்.

அந்த மாதம்தான் கம்பெனியைத் திறந்தார்கள். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. போர்மேன் ஆள் அனுப்பாமல் தானே தெருவுக்கு வந்தார். "ஒங்க எடம் அப்படியேதாம்மா இருக்கு" என்றார். மகள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை நான் தூக்குவாளியில் சோறு போடும்போது, "சத்தியம் பண்ணீல" என்றாள். "பண்ணேன்த்தா" என்றேன். கம்பெனி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது.

கேட்டில் செருப்பைக் கழற்றினேன். தடவிப் பார்த்தார்கள். தண்ணீரைத் தொட்டேன். என் அறைக்குப் போய் என் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நாலு பக்கமும் கதவு திறந்து கிடந்தது. ஒரு வாசலில் வேப்பமரம், ஒன்றில் மண்மேடு, ஒன்றில் பக்கத்து அறை, ஒன்றில் வெயில். நாலு பக்கத்திலிருந்தும் காற்று வந்தது. எனக்கு முன்னால் மருந்துத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"அப்பாடா" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "என்னக்கா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். மருந்தைக் கையில் அள்ளிய பிறகுதான் நான் எதற்காக நிம்மதிப்பட்டேன் என்பது உறைத்தது. அள்ளியதைத் தட்டிலேயே கொட்டிவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் வாசலில் நின்றாள். பழையபடி என் கையை, தோளை, முகத்தைத் தடவிப் பார்த்தாள். நகக்கண்ணில் இருந்த வெள்ளிப் பவுடரைத் தன் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"பயமா இருந்துச்சாம்மா?"

"ஆமாத்தா, ரொம்பப் பயமா இருந்துச்சு" என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.